திரும்பிப் பார்க்க வைப்பது

இன்னும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லாத தட்டியை எவன் வந்து எடுப்பான்? காற்றில் கிழிந்து விழும் என்று நினைத்தாயா, பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்து கழற்றிக்கொண்டு போவார்கள் என்று நினைத்தாயா, சாமி வந்து சுருட்டி வைக்கும் என்று நினைத்தாயா, அறிவு கெட்ட மனசே. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கு ஸ்டாப்பில் மினி பஸ் நின்றுகொண்டிருக்கிறது. ஜன்னலுக்கு நேர் எதிரே, டீக்கடைக் கூரைக்கு மேலே சவுக்குக் கம்பு கட்டி நிறுத்திய பிளக்ஸில் என் மகள் தன்சிகா சிரிக்கிறாள். பக்கத்து சீட்டில் இருக்கும் தன்சிகா சிரிக்கவில்லை. ஏறும்போது, "அம்மா, நீ ஜன்னல் பக்கம் உக்காரு" என்றாள். அவ்வளவுதான். எப்போதும் ஜன்னலுக்குச் சண்டை போடுகிறவள். புத்தகப் பையை மடியில் நிமிர்த்தி வைத்து, அதன் மேல் தாடையைப் பதித்து, முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தெரு முனை திரும்பியதும் அது தெரிந்தது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சொல்லிட்டேன்னியேம்மா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் ஏதாவது உளறிச் சமாளித்திருப்பேன். கேட்கவே இல்லை. நடை மட்டும் கொஞ்சம் வேகமானது, நான் பின்னாலேயே ஓடி வந்தேன். பஸ் கிளம்பினால் போதும். கிளம்பித் தொலையுங்களேன்டா. டிரைவர் இன்ஜினை உறும விட்டுவிட்டு இறங்கிப் போய் வடை தின்கிறான். கண்டக்டர் ஒச்சப்பன் டீ கிளாசோடு நின்று, "டைம் இருக்கு டீச்சர், டைம் இருக்கு" என்கிறான். பெரிய ராக்கெட் விடப் போகிறான், டைம் பார்க்கிறான். பஸ் நடுங்குகிற நடுக்கத்தில் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது, அதற்குள் தட்டியும் ஆடுகிறது, என் பிள்ளையின் முகமும் ஆடுகிறது.

பார்க்காதே, குனிந்துகொள். குனிந்தாலும் என்ன, எனக்கு மனப்பாடம். பூப்புனித நீராட்டு விழா, வருக வருக. சுற்றிலும் மேகம், மேகத்துக்குள் தங்கச் சிம்மாசனம், அதில் பட்டுச்சேலையும் ஒட்டியாணமுமாக எட்டாவது படிக்கிற பிள்ளை. முகத்தை எவ்வளவு வெள்ளை அடிக்க முடியுமோ அவ்வளவு அடித்திருக்கிறான் ஸ்டுடியோக்காரன். கீழே வரிசையாக மாமன்மார், சித்தப்பன்மார், கூலிங்கிளாஸ் போட்டவர், காதில் செல்போன் வைத்துக்கொண்டு யாரிடமோ முக்கியமாகப் பேசுகிறவர், இன்னும் பல் முளைக்காத கைக்குழந்தைகள்கூட "வரவேற்கும் வாண்டுகள்" என்று வரவேற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் பெற்றோர் பெயர். அவர் பெயர் சும்மா ரவீந்திரன். என் பெயர் மட்டும் செண்பகவள்ளி, எம்.ஏ., பி.எட்., எம்.ஃபில். யார் கேட்டார்கள் இதை? ஒருத்தரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். பிளக்ஸ் கடையிலிருந்து மாதிரியை என் போனுக்கு அனுப்பியிருந்தார் மச்சான், என் வீட்டுக்காரரின் அண்ணன், உரக்கடை பூமிராஜன். "என்னத்தா டீச்சரம்மா, எல்லாம் சரியா இருக்கான்னு ஒருவாட்டி பாரு, அப்புறம் அது இல்ல இது இல்லன்னு சொல்லப்படாது." நான் பார்த்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. என் பெயரைத்தான் தேடினேன். தேடிக் கண்டுபிடித்து, "மச்சான், படிப்பைப் போடலாமே" என்று எழுதினேன். ச்சீ. வயசுக்கு வந்தவள் அவள், பட்டம் எனக்கு! ஸ்டாஃப் ரூமில் போன வருஷம் யாரோ இப்படி ஒரு தட்டி வைத்தபோது வாய் கிழியப் பேசினவள் இதே செண்பகவள்ளிதான். பெண் பிள்ளையின் உடம்பு விஷயத்தை ஊருக்குச் சொல்வது என்ன நாகரிகம், காட்டுமிராண்டித்தனம் இல்லையா என்று அப்படி ஒரு லெக்சர். மார்க்கரெட் டீச்சர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அவளும் இந்த வழியாகத்தான் ஸ்கூட்டியில் போகிறாள். விழாவுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, "டிகிரியெல்லாம் கரெக்டா போட்டிருக்காங்க செண்பகம்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

இன்னைக்கு முதல் பீரியடே பத்தாம் வகுப்பு. பாடத்தில் வருகிற வார்த்தை என்ன தெரியுமா? அட்வர்டைஸ். வேண்டுமென்றே யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி. வேறு நாளாக இருந்தால் எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருக்கும். ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், அதன் வேரைத் தோண்டாமல் விட மாட்டேன். பையன்கள் பின் பெஞ்சில், "டீச்சர் வேர் புடுங்க ஆரம்பிச்சாச்சுடா" என்பான்கள். எனக்குக் காது கேட்காது என்று நினைப்பு. ஞாயிற்றுக்கிழமையே குறிப்பெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். லத்தீனில் 'ஆத்' என்றால் பக்கம், 'வெர்தெரே' என்றால் திருப்பு. இரண்டும் சேர்ந்து, ஒன்றின் பக்கமாகத் திருப்பு. மனசைத் திருப்பு, முகத்தைத் திருப்பு. கரும்பலகையில் ஒரு தலை வரைந்து, அது திரும்புகிற மாதிரி அம்புக்குறி போட வேண்டும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய், பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தது. வந்த புதிதில் சோப்பு விற்கவா வந்தது? இல்லை. கவனி என்பதற்கு, தெரியப்படுத்து என்பதற்கு, எச்சரி என்பதற்கு. ஆபத்து வருகிறது, ஜாக்கிரதை என்று ஒருத்தருக்குச் சொல்வதும் அட்வர்டைஸ்தான் ஒரு காலத்தில். பிரெஞ்சுக்காரன் இன்றைக்கும் அந்த வார்த்தையை எச்சரிக்கைக்குத்தான் வைத்திருக்கிறான். சரக்கு விற்கிறவன் கைக்கு அது போனதெல்லாம் ரொம்பப் பின்னால். எவ்வளவு அழகான பாடம். பிள்ளைகளா, விளம்பரம் என்பது முதலில் ஒரு எச்சரிக்கை. அடி சக்கை. அப்படிப் பார்த்தால் எதிரே நிற்கிற தட்டி யாருக்கு என்ன எச்சரிக்கை சொல்கிறது? இதோ ஒரு பெண் தயார் என்று ஊருக்கா? ஊரெல்லாம் இனி உன்னைத் திரும்பிப் பார்க்கும் என்று என் பிள்ளைக்கா? தமிழிலும்தான் என்ன வாழ்கிறது. எனக்குப் பிறந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அங்கே விளம்புவது என்றால் இலையில் சோறு பரிமாறுவது. பழைய தமிழில் எடுத்துச் சொல்வதும் விளம்புவதுதான். எங்கம்மா பந்தியில், "யாருக்காவது விளம்பாம விட்டுப்போச்சா" என்று கேட்டுக்கொண்டே போவாள். ஒருத்தருக்கும் விட்டுப்போகவில்லையம்மா. விலக்கில் இறங்குகிறவன், ஏறுகிறவன், வடை தின்கிறவன், லாரியை ஓரங்கட்டி ஒன்றுக்குப் போகிறவன் எல்லாருக்கும் என் பிள்ளையை விளம்பியாயிற்று.

"யார்ட்டயும் சொல்லாதம்மா." அதுதான் அவள் முதலில் சொன்னது. பாத்ரூம் கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து, கண் மட்டும் தெரிகிற மாதிரி நின்று, சத்தமே வராமல் சொன்னாள். நான் உள்ளே போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். தலையில் வேர்வை வாசம், பள்ளிக்கூட வாசம். "சொல்ல மாட்டேன்டி தங்கம்" என்றேன். அந்த நிமிஷம் சத்தியமாகத்தான் சொன்னேன். அப்புறம் அவருக்குச் சொல்லாமல் முடியுமா, அவர் அண்ணனுக்குச் சொல்லாமல் முடியுமா, தாய்மாமன் சீரில்லாமல் தண்ணீர் ஊற்ற முடியுமா. ஒவ்வொருத்தருக்காகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் மொத்தமாகத் தட்டி வைத்துச் சொல்லிவிட்டோம். விழா அன்று மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து படுத்து, "அம்மா, ஒண்ணே ஒண்ணு. நான் ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள அந்த பேனரை எடுத்துரச் சொல்லு. அதைத் தாண்டி என்னால போக முடியாது" என்றாள். கெஞ்சவில்லை. பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள். "எடுக்கலன்னா நான் ஸ்கூலுக்கே போகல." நானும் எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்கச் சொல்ல மச்சான் கடைக்குப் போகவும் செய்தேன். யூரியா மூட்டைக்கு நடுவில் நாற்காலி போட்டு, கூல்டிரிங்க்ஸ் வரவழைத்து, "விலக்குல நின்னு பாத்தியாத்தா? ஊரே மூக்குல விரலை வைக்குது. எவனும் இப்படி வச்சதில்ல. ஒரு மாசத்துக்கு எவன் கை வைக்கிறான்னு பாக்குறேன்" என்றார். அந்த மனுஷனுக்குப் பெண் பிள்ளை கிடையாது. என் பிள்ளைக்குத்தான் எல்லாம் செய்து பார்க்கிறார். கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். சொல்லியிருக்கலாம். மச்சான், பிள்ளை கூச்சப்படுது, கழட்டிருங்க என்று நாலு வார்த்தை. நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிற வாய், கூல்டிரிங்க்ஸை உறிஞ்சிக்கொண்டு சிரித்தது. வீட்டுக்கு வந்ததும், "சொல்லிட்டியாம்மா?" என்றாள். "சொல்லிட்டேன்டி." அவள் நம்பி, நேற்றே யூனிஃபார்மை அயர்ன் பண்ணி வைத்தாள். என் சேலையையும் சேர்த்து அயர்ன் பண்ணி வைத்தாள்.

உண்மையைச் சொல்வதென்றால், வாயடைத்துப் போனதற்கு மச்சானின் சந்தோஷம் மட்டுமா காரணம்? மனசே, இந்த இடத்தில் மட்டும் ஏன் நழுவுகிறாய். வாசலில் வைத்தால் போதும் என்றுதான் மச்சான் முதலில் சொன்னார். "வேற எங்கயும் வைக்கணுமாத்தா?" என்று கேட்டார். விலக்கில் வைத்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லார் கண்ணிலும் படும், தனித்தனியாகக் கூப்பிட வேண்டியதில்லை என்று சொன்னது யார்? இடம் காட்டினவள் யார்? நான். இது தன்சிகாவுக்குத் தெரியாது. பெரியப்பா வைத்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் மேல் கோபமாக இருக்கிறாள், அவரும் பாவம், "புள்ள என்னத்தா என்ட்ட பேச மாட்டேங்குது" என்று கேட்கிறார். தெரிந்தால் என்ன செய்வாள்? என் முகத்தைப் பார்ப்பாளா? ஏற்கெனவே பார்க்கவில்லையே. அவள் வகுப்புப் பையன் ஒருத்தன் தட்டியைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறானாம், அதற்குக் கீழே நெருப்புப் படமும் இதயப் படமுமாம், தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த என்னிடம் தன்சிகா முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னாள். நான் தண்ணீரை நிறுத்தவில்லை. "சின்னப் பசங்க, விடுடி" என்றேன். அந்தப் பையனுக்கும் நான்தான் இங்கிலீஷ் எடுக்கிறேன். வகுப்பில் அவனை எழுப்பி நிறுத்தி என்ன கேட்பேன்? டேய், ஏன்டா பார்த்தே என்று கேட்பேனா? பார்க்கத்தானே டீச்சர் வச்சீங்க என்று அவன் திருப்பிக் கேட்டால் இந்த எம்.ஃபில் என்ன பதில் சொல்லும். பின் சீட்டில் காலேஜ் பையன்கள் எதற்கோ சிரிக்கிறார்கள். வேறு எதற்காகவோ இருக்கும். வேறு எதற்காகவோதான் இருக்க வேண்டும். தன்சிகாவின் காது மடல் சிவந்திருக்கிறது. கையைப் பிடிக்கலாமா? பிடித்தால் உதறிவிடுவாளோ. உதறினால் பின்னால் இருப்பவர்கள் பார்ப்பார்கள். என் கை என் பையிலேயே இருக்கிறது. பார், இப்போதும் யார் பார்ப்பார்கள் என்றுதான் ஓடுகிறது புத்தி.

முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு அம்மா ஏறி, எங்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். சந்தைக்குப் போகிறவள் போல. இந்த ஊர் முகமில்லை. கட்டைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துவிட்டு, நிமிர்ந்தாள். அவ்வளவுதான், அவள் தலை ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. என்னைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, நேராக அங்கே. நான் சொல்லவில்லையா, அந்தத் தட்டியின் வேலையே அதுதானே. "எம்மாம் பெரிய தட்டி! எனக்கு எழுத்து ஓடாது. என்னம்மா எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்றாள் என்னிடம். படிக்கச் சொல்கிறாள். ஊரிலேயே அதை நன்றாகப் படிக்கக் கூடியவள் நான்தான், பிழை திருத்தினவளும் நான்தான். "சடங்கு வீடு" என்றேன். "அது தெரியுது. யாரு வீடாம்?" "தெரியலை. இந்த ஊர்க்காரங்கதான் யாரோ." பக்கத்தில் பை மேல் இருந்த தாடை லேசாக அசைந்தது, எனக்குத் தெரியும். அந்த அம்மா தட்டியைப் பார்த்தாள், பிறகு தன்சிகாவைப் பார்த்தாள், மறுபடி தட்டியைப் பார்த்தாள். வேண்டாம் தாயே. கேட்காதே. உனக்குப் புண்ணியமாய்ப் போகும். "ஏம்மா, அதுல இருக்கறது இந்தப் புள்ளதான?" என்று கேட்டேவிட்டாள். சத்தமாகக் கேட்டாள். பின் சீட்டுச் சிரிப்பு நின்றது.

"இல்லைங்க. அது வேற புள்ள."

நான்தான் சொன்னேன். வகுப்புக் குரலில், தெளிவாக, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. என் பிள்ளையை மறைக்கத்தானே சொன்னேன்? அவளை யாரும் பார்க்கக் கூடாது என்றுதானே சொன்னேன்? ஆமாம். ஆமாம் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பிள்ளை என் பிள்ளை என்றால் அந்தப் பட்டங்களும் என் பட்டங்கள் ஆகிவிடும், அது முதலில் தோன்றியதா, இது முதலில் தோன்றியதா? எனக்கே தெரியவில்லையே. ஒரே நொடியில் இரண்டும் சேர்ந்து வந்தது. எதுவாக இருந்தால் என்ன, அவள் காதில் விழுந்தது ஒன்றுதான். என் அம்மா என்னை இல்லை என்கிறாள். தன்சிகா பையிலிருந்து தலையைத் தூக்கினாள். இன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவள் அப்பா முகம் மாதிரி இருந்தது, என்னை விட்டு எங்கோ தள்ளிப் போய்விட்ட ஒரு பெரிய ஆள் முகம் மாதிரி இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். டிரைவர் ஏறினான், ஒச்சப்பன் விசில் ஊதினான், பஸ் ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியது. குலுக்கலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனாள்.

"ஆமா அத்தை. நான்தான் அது" என்றாள்.

"அதான பாத்தேன்! கண்ணு ரெண்டும் அப்படியே இருக்கேன்னு பாத்தேன். வா தாயி, உக்காரு." அந்த அம்மா முருங்கைக் கட்டை நகர்த்தி இடம் கொடுத்தாள். கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள். "நல்லா இருக்கணும். போட்டோவுல இருக்கறதவிட நேர்ல லட்சணமா இருக்க. கூச்சப்படாத, எல்லாருக்கும் வர்றதுதான. பள்ளிக்கூடத்துக்கா? ஒத்தையாவா போற? உங்கம்மா வரலையா?"

"வரல அத்தை."

பஸ் வளைவில் திரும்பியது. தட்டி பின்னால் போயிருக்கும், நான் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த சீட்டின் சூடு இன்னும் இருக்கிறது, அதில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போ. போய் நான்தான் அம்மா என்று சொல். சொல்லேன். உட்கார்ந்தே இருந்தேன். அந்த அம்மா ஏதோ கேட்க, இவள் ஏதோ பதில் சொல்ல, கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். ஒச்சப்பன் ஒவ்வொரு சீட்டாக வந்தான். முன்னால், எதிர் வரிசை, பிறகு நான். வந்தவுடன், இப்போதாவது என்று, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ரெண்டு குடுங்க. எனக்கு ஒண்ணு. அந்தா, என் பொண்ணுக்கு ஒண்ணு."

"பாப்பா தனக்கு எடுத்துருச்சே டீச்சர்" என்றான் ஒச்சப்பன். "அம்மாவுக்கும் சேத்தான்னு கேட்டேன். ஒண்ணு போதும்னுருச்சு."

முருங்கைக்காய் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.